தருவைகுளத்து எதிர்க்கட்சித் தலைவி

1

தூத்துக்குடியில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூகப் பாடம் எடுத்தவள் நான். மக்களாட்சி என்றால் என்ன, சட்டசபை என்ன செய்யும், வரி எதற்குக் கட்டுகிறோம் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டுப் பிள்ளைகளைப் பார்த்து எழுதச் சொன்னவள். இப்போது அதே கேள்விகளை இந்த ஊர் என்னிடம் கேட்கிறது.

கனடாவுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிவிட்டால் குடியுரிமைக்கு மனுப் போடலாம். நானும் என் வீட்டுக்காரர் சாமுவேலும் போட்டோம். இதற்கென்றே ஒரு நீதிபதி இருக்கிறார். நம்மைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இந்த நாட்டின் சரித்திரம், அரசியல், பிழைப்பு எல்லாம் கொஞ்சம் கேட்பார். பதில் திருப்தியாக இருந்தால் கையெழுத்துப் போடுவார். படிப்பதற்கு ஒரு சின்னப் புத்தகமும் அனுப்பிவைக்கிறார்கள்.

அந்தப் புத்தகம் தபாலில் வந்த அன்று அடுப்பில் சோறு குழைந்துபோனது. நான் நின்றபடியே வாசித்துக்கொண்டிருந்தேன். இந்த வின்னிபெக் ஊருக்கு வந்த நாள் முதல் எனக்கு இங்கே தெரிந்த விஷயம் என்று ஒன்றும் இருந்ததில்லை. பஸ் ஏறுவதிலிருந்து பால் வாங்குவது வரை யாராவது சொல்லித்தர வேண்டியிருந்தது. என்னுடைய ஆசிரியர் சான்றிதழ் இங்கே செல்லாது, திரும்பவும் படிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் குளிர்கோட்டு தைக்கிற ஆலையில் பட்டனுக்குக் காஜா எடுக்கிறேன். அப்படிப்பட்டவளுக்கு முதல் தடவையாக ஒரு புத்தகம் கையில் கிடைத்து, அட, இது நம்ம பாடமல்லவா என்று தோன்றினால் எப்படி இருக்கும்? அன்று ராத்திரி சாமுவேல் குழைந்த சோற்றைத் தின்றுகொண்டே, "என்ன ஜெபா, முகத்துல வெளிச்சம் அடிக்கி?" என்று கேட்டார்.

என் மகள் பியூலாவுக்கு எட்டு வயது. அவள் பள்ளிக்கூடத்திலும் சமூகப் பாடம் உண்டு. ஆகவே அவள் எனக்கு வாத்தியார் ஆனாள். சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து, புத்தகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பாள். நான் தமிழில் பேசினால் இங்கிலீஷில்தான் பதில் வரும்.

"அம்மா, கவர்மெண்ட் இல்லை. நடுவில் ஒரு 'ன்' இருக்கிறது. கவர்ன்மெண்ட்."

"ஊர்ல எல்லாரும் இப்படித்தான் சொல்லுவோம்ளா."

"இது ஊர் இல்லையே" என்றாள் அவள் இங்கிலீஷில், தலையைத் தூக்காமல். கோபமாகச் சொல்லவில்லை. தப்பைத் திருத்துகிற மாதிரித்தான் சொன்னாள். எனக்குத்தான் கொஞ்ச நேரம் அடுத்த கேள்வி காதில் ஏறவில்லை.

2

மனுக் கொடுக்கப் போன அன்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்து ஆட்கள் யாராவது பின்னால் வந்தால் உதவும்.

பிறந்த ஊர் என்ற இடத்தில் நாசரேத் என்று எழுதியிருந்தேன். நான் பிறந்தது அங்கேதான். கவுண்டரில் இருந்த பையன் அதைப் பார்த்தான், என் பாஸ்போர்ட்டைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"நாசரேத்திலா பிறந்தீர்கள்?"

"ஆமாம்."

"அப்படியானால் இஸ்ரேல் நாட்டுப் பிறப்புச் சான்றிதழ் வேண்டுமே."

இது அந்த நாசரேத் இல்லை, திருநெல்வேலி ஜில்லா நாசரேத் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினேன். அவனுக்குப் பிடிபடவில்லை. எழுந்துபோய் மேலதிகாரி அம்மாளைக் கூட்டிவந்தான். அந்த அம்மாள் ஒரு பெரிய நிலப்படப் புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்தார். அதில் எங்கள் நாசரேத் இல்லை. தூத்துக்குடி இருந்தது, கடலோரத்தில் ஒரு புள்ளியாக. அந்தப் புள்ளிக்குக் கீழே வெறும் தாளில் விரல் வைத்து, "இங்கே" என்றேன்.

பக்கத்தில் சாமுவேல் முணுமுணுத்தார். "பேசாம தூத்துக்குடின்னே போட்டிருக்கலாம்லா. எதுக்கு ஏசு ஊரை இழுத்து விட்டிருக்க?"

"பொறந்த ஊரை மாத்திச் சொல்லச் சொல்லுதீங்களா?"

அந்த அம்மாள் எங்கள் சண்டையை முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார் போலிருக்கிறது. சிரித்தார். "உங்கள் நாசரேத்திலும் தச்சர்கள் இருக்கிறார்களா?" என்று கேட்டார்.

"இருக்கிறார்கள். ஆனால் டீச்சர்கள்தான் அதிகம்" என்றேன்.

அவர் தன் கையாலேயே நாசரேத், இந்தியா என்று எழுதி முத்திரை குத்தினார். ஊரின் பெயரைக் காப்பாற்றிவிட்ட திமிரோடு வெளியே வந்தேன்.

3

தூத்துக்குடியில் நான் பாடம் எடுத்தது, புதுத் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்த வருஷங்களில். லாரி லாரியாகக் கல் போகும். வகுப்பறை சன்னல் கதவு அதிரும். ஊரே ஒரு எதிர்பார்ப்பில் இருந்தது. பெரிய கப்பல் வரும், வேலை வரும், எல்லாம் வரும் என்று டீக்கடையில் ஆரம்பித்து ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் வரை அதே பேச்சு.

சாமுவேல் அப்போது சாகுபுரத்தில் கெமிக்கல் பாக்டரியில் இருந்தார். லீவு கிடைக்கிற நாளில்தான் வருவார். நானும் கைக்குழந்தையும் தூத்துக்குடி மில்லர்புரத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். பியூலாவைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவேன். மிஷன் நடத்திய பெண்கள் உயர்நிலைப் பள்ளி அது. வகுப்பில் பெரும்பாலும் டவுன் பிள்ளைகள், வியாபாரிகள் வீட்டுப் பெண்கள். மீதிப் பேர் ஆஸ்டல் பிள்ளைகள், கடலோரக் கிராமங்களிலிருந்து வந்து தங்கிப் படிப்பவர்கள்.

ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் அரசாங்கம் என்றால் என்ன என்று ஒரு பாடம். அரசாங்கம் என்பது மக்களின் நலனுக்காகச் சட்டம் இயற்றி நிர்வாகம் செய்யும் அமைப்பு என்று இருக்கும். அதைச் சொல்வதற்கு முன்னால் பிள்ளைகளையே கேட்டுப் பார்ப்போம் என்று கேட்டேன். கலெக்டர் என்றாள் ஒருத்தி. போலீஸ் என்றாள் இன்னொருத்தி. கடைசி வரிசையிலிருந்து தருவைகுளத்து ரோஸ்லின் எழுந்தாள். நெட்டையான ஆஸ்டல் பெண். அவள் அப்பா கடலில் முங்கிச் சங்கு எடுக்கிறவர்.

"எங்க அப்பா எடுக்க சங்கையெல்லாம் வாங்குத ஆளுதான் டீச்சர் அரசாங்கம். வேற யாருக்கும் விக்கக் கூடாது. விலையும் அவுகளே சொல்லுவாவ."

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் கடலில் சங்கு சர்க்கார் சொத்து. முத்தும் அப்படித்தான். எடுப்பவர்கள் சர்க்காரிடம்தான் கொடுக்க வேண்டும். புத்தகத்தில் இருந்த வரியைவிட ரோஸ்லின் சொன்னதில் அரசாங்கம் கண்ணுக்குத் தெரிந்தது.

முன் வரிசையில் சண்முகக்கனி கையைத் தூக்கினாள். டவுனில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற அண்ணாச்சியின் மகள். எதையும் எடைபோட்டுப் பார்க்கிற புத்தி.

"அப்பம் உப்பு மட்டும் ஏன் டீச்சர் அப்படி இல்ல? உப்பும் கடல்லருந்துதான வருது? ஆளுக்கு ஆளு உப்பளம் வச்சிருக்காவ. இஷ்டப்பட்ட ஆளுக்கு விக்காவ."

"உப்பு அளத்துக்காரங்க இடத்துல வெளையுது. சங்கு யாரு இடத்துல வெளையுது?" என்றாள் ரோஸ்லின்.

"அப்பம் கடல் யாரு இடம்?" என்றாள் கனி.

மணி அடித்தது. ஒருத்தியும் எழவில்லை. சரித்திரம், அரசியல், பொருளாதாரம் என்று தனித்தனியாக நான் பிரித்து வைத்திருந்ததெல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. எனக்குப் பதில் தெரியவில்லை என்று சொன்னேன். அன்று வீட்டுக்கு நடந்தேனா ஓடினேனா என்றே தெரியாது. பக்கத்து வீட்டு அக்கா, "என்ன, சம்பளம் கூட்டிட்டாவளா?" என்று கேட்டார்.

4

அடுத்த பாடம் மக்களாட்சி. அதைப் புத்தகத்தை வைத்து நடத்த எனக்கு மனசில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு சட்டசபை அமைக்கலாம், பிள்ளைகள் ஓட்டுப் போடட்டும் என்று தலைமையாசிரியையிடம் போய் நின்றேன். அவரை எல்லாரும் பெரிய டீச்சர் என்போம். கண்டிப்பானவர், ஆனால் கேட்டுக்கொள்வார்.

"விளையாட்டுதான? நடத்துங்க."

"விளையாட்டா இருந்தா பிள்ளைங்களுக்கு ஒண்ணும் விளங்காது டீச்சர். ஒரு விஷயத்தையாவது நிஜமா அவங்க கையில குடுங்க. அவங்க முடிவு பண்ணதுதான் முடிவுன்னு இருக்கணும்."

பெரிய டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "சரி, தண்ணித் தொட்டிய எடுத்துக்கிடுங்க. தெனமும் அந்தப் பஞ்சாயத்துலயே என் உயிர் போவுது. ஆனா ஒண்ணு. இது கரஸ்பாண்டென்ட் காதுக்கு ஏடாகூடமாப் போச்சுன்னா உங்க வேலையும் போகும், என் வேலையும் போகும்."

தூத்துக்குடித் தண்ணீர்க் கஷ்டம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்துக் கிணறு உப்பு. நகராட்சிக் குழாயில் எப்போதாவது வரும் நல்ல தண்ணீரைப் பிடித்துவைக்க ஒரே ஒரு தொட்டி. அதன் சாவி ஆஸ்டலில் இருக்கும். டவுன் பிள்ளைகள் வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்பது சட்டம். மத்தியானம் பாட்டில் காலியானதும் தொட்டியைப் பார்த்து முறைத்துக்கொண்டு நிற்பார்கள்.

இரண்டு அணி தானாகவே உருவாகிவிட்டது. டவுன் அணிக்குச் சண்முகக்கனி, சின்னம் குடம். ஆஸ்டல் அணிக்கு ரோஸ்லின், சின்னம் சங்கு. வகுப்புக்கு மூன்று பேர் சபை உறுப்பினர். எந்தப் பக்கம் உறுப்பினர் அதிகமோ, அந்தத் தலைவி முதலமைச்சர். ஒரு வாரம் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகவே இல்லை. சுவரெல்லாம் சாக்பீஸில் குடமும் சங்கும். ஆறாம் வகுப்புக் குட்டிகளைக்கூட இரண்டு பக்கமும் பெரிய மனுஷியைப் போலக் கும்பிட்டு ஓட்டுக் கேட்டார்கள். கணக்கு டீச்சர் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

கனியின் பேச்சு கச்சிதம். "எல்லாரும் ஒரே பள்ளிக்கூடம். எல்லாரும் ஒரே பீஸ். தொட்டி மட்டும் ஏன் சில பேருக்கு? எல்லாரும் சமம்னு புத்தகத்துல இருக்கு. அதைத்தான் நாங்க கேக்கோம்."

ரோஸ்லின் நீட்டிப் பேசவில்லை. "நாங்க கொஞ்சம் பேருதான். ஆனா ராத்திரியும் இங்கனதான் கிடக்கோம். அதை மட்டும் நினைச்சிக்கிட்டு ஓட்டுப் போடுங்க."

இரண்டு பேச்சும் நியாயம். நான் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லாரும் சமம் என்பதும் உண்மை, எல்லாருக்கும் தேவை ஒன்றுபோல இல்லை என்பதும் உண்மை. இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்து வைப்பது என்று பெரிய பெரிய நாடுகள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, எங்கள் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் இரண்டு பதினாலு வயதுப் பெண்கள் அதே விவகாரத்தைக் கையில் எடுத்துவிட்டார்கள்.

கனி ஜெயித்தாள். டவுன் பிள்ளைகள்தான் அதிகம், அது நடக்கக் கூடியதுதான். முதல் சபையிலேயே தீர்மானம் போட்டுத் தொட்டிச் சாவியை வாங்கிவிட்டார்கள்.

5

அதற்குப் பிறகு நடந்ததும் எதிர்பார்க்கக் கூடியதுதான். மத்தியானத்துக்குள் தொட்டி வற்றிவிடும். குடித்தது கொஞ்சம், டிபன் பாத்திரம் கழுவியதும் முகம் கால் கழுவியதும்தான் அதிகம். சாயங்காலம் ஆஸ்டல் பிள்ளைகள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாயில் வரிசை நிற்கப் போனார்கள். படிக்கிற நேரமெல்லாம் வரிசையிலேயே போனது.

ரோஸ்லின் என்னிடம் வந்தாள். அழவில்லை. "ஒரு சந்தேகம் டீச்சர். இங்கன எண்ணிக்கைப்படிப் பாத்தா நாங்க எப்பவும் தோக்கத்தான் செய்வோம். அப்பம் எங்களுக்கு எதுக்கு ஓட்டு?"

புத்தகத்தைப் புரட்டினேன். எதிர்க்கட்சியைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது. ஆளுங்கட்சியின் குறைகளைச் சபையில் எடுத்துச் சொல்வது எதிர்க்கட்சியின் கடமை. அவள் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

இதற்குள் விஷயம் பெரிய டீச்சர் காதுக்குப் போய்விட்டது. என்னையும் ரோஸ்லினையும் கூப்பிட்டார். "போதும் இந்தக் கூத்து. நாளைக்கே சபையைக் கலைச்சிருதேன். சாவி பழையபடி ஆஸ்டலுக்கு வந்துரும். சந்தோஷந்தான, ரோஸ்லின்?"

எனக்கு உள்ளூர நிம்மதியாகத்தான் இருந்தது. ஆஸ்டல் பிள்ளைகளுக்குத் தண்ணீரும் கிடைக்கும், என் வேலையும் பிழைக்கும்.

"வேண்டாம் டீச்சர்" என்றாள் ரோஸ்லின்.

"என்ன வேண்டாம்?"

"கலைக்க வேண்டாம். நாங்க சபையிலயே கேட்டு வாங்குதோம்."

"தோத்துப்போன இடத்துல போயி என்னத்தக் கேட்டு வாங்கப் போற?"

"ஜெயிச்சா சபை வேணும், தோத்தா பெரிய டீச்சர் வேணும்னு சொன்னா நல்லாருக்காது டீச்சர். இன்னைக்கு நீங்க குடுப்பீங்க. நாளைக்கு வேற டீச்சர் வந்து எடுத்துக்கிட்டா யாருகிட்ட போயிக் கேக்கது?"

தோற்கடித்த சபையைத் தோற்றவளே வந்து காப்பாற்றுகிறாள். இதைச் சொல்லிக்கொடுத்தது நான் இல்லை. எந்தப் பாடத்திலும் இது இல்லை.

பெரிய டீச்சர் விடவில்லை. "தண்ணி இல்லாம பிள்ளைக மயங்கி விழுந்தா யாரு பொறுப்பு?"

"நாந்தான் டீச்சர்."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல எனக்குச் சபையும் தெரியாது கிபையும் தெரியாது."

ஆஸ்டலில் அன்று ரோஸ்லினோடு யாரும் பேசவில்லையாம். கைக்கு வந்த சாவியைத் தட்டிவிட்டாளே என்று ஆத்திரம். அவள் பாட்டுக்குக் குடத்தை எடுத்துக்கொண்டு, மற்றவர்களுக்கும் சேர்த்துத் தெருக்குழாய்க்கு நடந்துகொண்டிருந்தாள்.

6

வெள்ளிக்கிழமை சபை கூடியது. உறுப்பினர்கள் எதிரெதிராகப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மற்றப் பிள்ளைகள் சன்னலில் தொங்கினார்கள். கணக்கு டீச்சர்கூடக் கதவோரம் வந்து நின்றார்.

ரோஸ்லின் எழுந்ததும் ஆளுங்கட்சிப் பக்கம் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "தோத்தவளுக்கு என்ன பேச்சு, உக்காருளா" என்றாள்.

கனி சட்டென்று திரும்பினாள். "அவளையும் ஓட்டுப் போட்டுத்தான அனுப்பியிருக்காவ. பேசட்டும்."

ரோஸ்லின் பேசினாள். "தொட்டி எல்லாருக்கும்னு கனி சொன்னா. நான் இல்லைங்கல. ஆனா பெல் அடிச்சதும் நீங்க வீட்டுக்குப் போயிருவீங்க. அங்கன ஒரு தொட்டி இருக்கும், அம்மை தண்ணி புடிச்சு வச்சிருப்பாவ. எங்களுக்கு வீடும் இதுதான், தொட்டியும் இதுதான். குடிக்கதுக்கு எல்லாரும் எடுங்க. பாத்திரம் கழுவ, கால் கழுவ உப்புக்கெணறு இருக்குல்லா? நல்ல தண்ணில கால் கழுவாதீங்க. மிச்சம் கெடக்கத ராத்திரிக்கு எங்களுக்கு விட்டிருங்க. அம்புட்டுதான் நாங்க கேக்கோம்."

யாரும் கை தட்டவில்லை. ஆனால் சன்னலில் தொங்கிய டவுன் பிள்ளைகளில் சில பேர் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தேன். ஓட்டெடுப்பு நடந்தது. ஆளுங்கட்சிப் பக்கத்திலிருந்தே சில கைகள் ரோஸ்லினுக்கு எழுந்தன. கனி கை தூக்கவில்லை. நாலைந்து கை வித்தியாசத்தில் தீர்மானம் தோற்றது.

ஆஸ்டல் பிள்ளைகள் அழுதார்கள். நான் பெரிய டீச்சரைத் தேடிப் போனேன். திங்கட்கிழமை காலை கலைக்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை காலை பிரேயர் முடிந்ததும் பெரிய டீச்சர் வாயைத் திறப்பதற்கு முன்னால் முதலமைச்சர் சண்முகக்கனி முன்னால் வந்து நின்றாள். அரசாங்கம் ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்திருக்கிறது, உடனே சபை கூட வேண்டும் என்றாள். பெரிய டீச்சர் என்னைப் பார்த்தார். நான் வேண்டிக்கொள்கிற மாதிரிப் பார்த்தேன். சரி என்றார்.

கனியின் திட்டம் இதுதான். தொட்டித் தண்ணீர் எல்லாருக்கும் குடிக்க மட்டும். கழுவுவதற்கு உப்புக் கிணறு. மிச்சத் தண்ணீர் ஆஸ்டலுக்கு. வெள்ளிக்கிழமை ரோஸ்லின் சொன்னதைவிட ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அத்தனை கையும் எழுந்து நிறைவேறியது.

வெளியே வந்ததும் ஆஸ்டல் பிள்ளைகள் கொதித்தார்கள். "நீ சொன்னதத்தான்ளா அவ திருடிட்டா. அவ திட்டமாம்லா."

"எடுத்துக்கிடட்டும்ளா" என்றாள் ரோஸ்லின். "தொட்டில தண்ணி நிக்குமா நிக்காதா? அதச் சொல்லு."

கனியைத் தனியாகக் கூப்பிட்டு, இதற்கு வெள்ளிக்கிழமையே கை தூக்கியிருக்கலாமே என்று கேட்டேன். அவள் சிரித்தாள். "அன்னைக்கே தூக்கியிருந்தா அவ ஜெயிச்சதா ஆயிரும்லா டீச்சர்? ஆனா வீட்டுக்குப் போயி எங்க தொட்டியப் பாத்தேன். நெறைஞ்சு கெடக்கு. சோறு எறங்கல."

அந்தச் சபையைப் பெரிய டீச்சர் கலைக்கவேயில்லை. அடுத்த வருஷமும் தேர்தல் வைத்தோம். கணக்கு டீச்சர்தான் தேர்தல் அதிகாரி.

7

குடியுரிமை நீதிபதியைப் பார்க்கப் போன அன்று பியூலாவை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லை. கூடவே கூட்டிப்போனோம். நீதிபதி ஒரு அம்மாள். நரைத்த தலை, கறுப்புக் கோட்டு, மேசையில் ஒரு சின்னக் கொடி. சாமுவேலிடம் மாகாணங்களின் பெயர்களைக் கேட்டார். அவர் கடகடவென்று ஒப்பித்துவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, பாராளுமன்றத்தில் எதிர்க்கட்சி என்ன செய்கிறது என்று கேட்டார்.

எனக்குப் புத்தகத்தில் இருந்த பதில் வரிக்கு வரி தெரியும். வாயைத் திறந்ததும் 'ஆப்போசிஷன்' என்பதற்குப் பதிலாக 'ஆப்போசிட் பார்ட்டி' என்று வந்துவிட்டது. பியூலா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆப்போசிட்டா? எதற்கு எதிரே?" என்றார் நீதிபதி, உண்மையாகவே குழம்பி.

படித்ததெல்லாம் அந்த நிமிஷத்தில் எங்கேயோ பறந்துவிட்டது. "நான் ஒரு டீச்சராக இருந்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் இருந்தாள். அவள் கதையைச் சொல்லலாமா?" என்று கேட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சொல்லுங்கள் என்றார்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். தொட்டியைச் சொன்னேன். குடத்தையும் சங்கையும் சொன்னேன். கலைக்க வேண்டாம் என்று ரோஸ்லின் சொன்ன இடத்தில் நானே எழுந்து நின்றுவிட்டேன் என்று சாமுவேல் பிறகு சொன்னார். இலக்கணம் எல்லாம் காற்றில் போயிருக்கும். கனி திட்டத்தை எடுத்துக்கொண்ட இடம் வந்ததும் நீதிபதி அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார்.

"எதிர்க்கட்சியின் யோசனையை அரசாங்கம் திருடுவது இங்கேயும் வழக்கம்தான்" என்றார். "ஆனால் அந்தப் பெண்ணைப் போலப் பொறுத்துக்கொள்கிற ஆட்கள் குறைவு." கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து எனக்குக் கை கொடுத்தார். போகும்போது, "நல்ல டீச்சர் நீங்கள்" என்றார்.

பஸ்ஸில் பியூலா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள், தமிழில்.

"அம்மா, அந்த அக்கா இப்ப எங்க?"

ரோஸ்லின் டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டுக் கடலோரத்தில் ஒரு ஆரம்பப் பள்ளியில் இருக்கிறாள் என்று சாமுவேலின் தங்கை எழுதியிருந்ததைச் சொன்னேன். கனிக்குக் கோவில்பட்டியில் கல்யாணமாகி, கடைக் கல்லாவில் அவள்தான் உட்காருகிறாளாம். பியூலாவுக்குத் திருப்தி இல்லை. ரோஸ்லின் அக்காவுக்கு அன்று கோபமே வரவில்லையா, உள்ளே இருந்திருக்காதா, தெருக்குழாய் எவ்வளவு தூரம், குடம் எவ்வளவு கனம் என்று இறங்குகிற வரை துளைத்துக்கொண்டே வந்தாள்.

8

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் நீதிபதியின் கையெழுத்து இல்லை. நேற்று நடந்தது.

பியூலாவின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். இத்தனை நாளும் போவேன், கடைசி வரிசையில் கோட்டைக் கழற்றாமல் உட்காருவேன், வருவேன். ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை. இங்கே மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டு வருவார்கள். அம்மா வேலைக்குப் போகிற பிள்ளைகள் மட்டும் பள்ளிக்கூடத்திலேயே ஒரு அறையில் உட்கார்ந்து சாப்பிடும். பியூலாவும் அதில் ஒருத்தி. அந்த அறையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைப்பது செலவு, இனிமேல் எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக்கே போகட்டும் என்று ஒரு யோசனை வந்தது. கூட்டத்தில் பெரும்பாலும் வீட்டில் இருக்கிற தாய்மார்கள். மாற்றுக் கருத்து உண்டா என்று தலைவர் கேட்டார், ஒரு வழக்கத்துக்கு. கேட்டுவிட்டுத் தாளைப் புரட்டத் தொடங்கிவிட்டார்.

என் கை மேலே போயிருந்தது. எப்போது தூக்கினேன் என்று எனக்கே தெரியாது.

எழுந்து நின்றேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே சட்டம் என்பது சரி, ஆனால் எங்கள் பிள்ளைகள் மத்தியானம் போனால் வீடு பூட்டியிருக்கும் என்றேன். ஆலையில் மணி அடித்தால்தான் எங்களால் வெளியே வர முடியும் என்றேன். இந்தக் குளிரில் எட்டு வயதுப் பிள்ளை யார் வீட்டுக் கதவைத் தட்டும் என்று கேட்டேன். அவ்வளவுதான் பேசினேன். என் இங்கிலீஷைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை.

ஓட்டெடுத்தார்கள். தோற்றுப்போனோம். என்னோடு சேர்த்துக் கை தூக்கியவர்கள் கொஞ்சம் பேர்தான்.

கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது இரண்டு பெண்கள் என்னிடம் வந்தார்கள். ஒருத்தி பிலிப்பைன்ஸ்காரி, என்னைப் போலவே தையல் ஆலையில் வேலை. இன்னொருத்தி உக்ரைன்காரி, ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிறவள். தலைமையாசிரியரிடம் மனுக் கொடுக்கலாம், வேலைக்குப் போகிற தாய்மார்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கலாம், அடுத்த கூட்டத்துக்கு எல்லாரையும் இழுத்துக்கொண்டு வருவோம் என்று மூன்று பேரும் பனியில் நின்றே பேசி முடித்தோம். என் பெயரை எப்படிச் சொல்வது என்று கேட்டார்கள். ஜெபமணி என்று சொல்லிக்கொடுத்தேன். இரண்டு பேரும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்கள். கடைசியில் உக்ரைன்காரிக்குச் சரியாக வந்துவிட்டது.

வீட்டுக்கு வரும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.